யாருடைய வலப்பக்கம்?

ஒருவரையொருவர் எதிர்நோக்கி இருவர் நிற்கின்றனர். அவருள் ஒருவர், "வலப்பக்கம்" என்று கூறுகிறார். யாருடைய வலப்பக்கம்? சொல்பவருடையதா, எதிரே நிற்பவருடையதா? சிறு பிள்ளைகளுக்குச் 'சோற்றுக் கை' என்று அடையாளஞ் சொல்லி நாம் வலத்தைக் கற்பிக்கும்போது, எதிரே நின்று நமது வலக்கையை உயர்த்திக் காட்டுகிறோம். குழந்தையோ கண்ணாடியிற் காண்பதுபோலத் தன் இடக்கையை உயர்த்துகிறது. ஆசிரியத் தொழிலில் ஈடுபட்ட யாவரும் இக்குழப்பத்தை அறிவர். அனுபவமுள்ள ஆசிரியர் என்ன செய்கிறார்? குழந்தைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, குழந்தை நோக்கும் திசையையே தாமும் நோக்கி நின்று, பிறகு கையை உயர்த்துகிறார். தம்முடைய இடத்தை விட்டுக் குழந்தையின் இடத்துக்கு வருகிறார். இச்சிறு திருப்பத்தினுள்ளே ஓர் ஒழுக்கப் பிரச்சினை அடங்கியிருக்கிறது. அதனை ஆராய்வதே நம் நோக்கம்.

யாழ்ப்பாண நகருக்கு வடக்கே, சுருட்டுத் தொழிலுக்குப் பெயர்பெற்றிருந்த ஊர் கொக்குவில். அங்கே ஆடியபாதம் வீதியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவபீடம் அமைந்திருக்கிறது. 1978ஆம் ஆண்டில் அது தொடங்கிற்று. அங்கும், உலகின் எந்த மருத்துவக் கல்லூரியிலும், புதிதாக வந்து சேரும் மாணவன் முதலிற் கற்பது நோயையுமன்று, மருந்தையுமன்று; திசையை. முன், பின், மேல், கீழ், வலம், இடம், அண்மை, சேய்மை என்னும் இந்தச் சொற்களை அவன் பிறந்த நாள்தொட்டு அறிந்தவன்தான். ஆயினும் இவற்றை மறுபடி கற்குமாறு பணிக்கப்படுகிறான். ஏனெனில், இதுகாறும் அவன் இச்சொற்களைத் தன்னிடத்திலிருந்து வழங்கினான். இனி அவன் அவற்றைத் தன்முன்னுள்ள உடலின் இடத்திலிருந்து வழங்க வேண்டும்.

உடற்கூற்றியலின் விதி இதுதான்: வலம் என்றால் அந்த உடலின் வலம், இடம் என்றால் அந்த உடலின் இடம். பார்ப்பவன் எப்பக்கம் நின்றாலென்ன, தலைமாட்டில் நின்றாலென்ன, கால்மாட்டில் நின்றாலென்ன, விதி மாறுவதில்லை. நோயாளியின் ஈரல் வலப்புறத்தில் இருக்கிறது. எதிரே நிற்கும் வைத்தியரின் கண்ணுக்கு அது இடப்புறத்தில் தோன்றுகிறது. தோற்றத்தை விட்டுவிட்டு உண்மையைச் சொல்லும்படி அறிவியல் அவரைக் கட்டாயப்படுத்துகிறது. மார்பின் கதிர்ப்படத்தை எடுத்துக்கொள்வோம். நோயாளி நம்மை நோக்கி நிற்பதுபோலவே அதனை மாட்டுவது வழக்கம். இடப்புறமாகச் சாய்ந்திருக்கும் இருதயம் அப்படத்தில் நம் வலக்கைப் பக்கமாகத் தெரியும். 'இடம்' என்றோ 'வலம்' என்றோ படத்தின் ஓரத்தில் இடப்படும் குறி நோயாளிக்குரியதே. பார்க்கின்றவனுக்கு அங்கே குறியேதும் இல்லை.

இந்த விதியோடு இன்னொன்றும் சேர்ந்து வருகிறது. உடல் எந்நிலையிற் கிடந்தாலும், அதனை ஒரே நிலையிலுள்ளதாகக் கருதிப் பேச வேண்டும். நிமிர்ந்து நிற்றல், முகமும் கண்களும் நேரே முன்னோக்குதல், கைகள் இருபுறமும் தொங்குதல், உள்ளங்கைகள் முன்னோக்கி விரிந்திருத்தல், பாதங்கள் ஒருசேர நிற்றல். இதனை 'உடற்கூற்று நிலை' என்பர். நோயாளி கட்டிலிற் சுருண்டு கிடக்கலாம். விபத்திற் சிக்கியவன் வீதியோரத்தில் குப்புற விழுந்திருக்கலாம். மாணவர்முன் மேசைமீது இருப்பது உயிர் நீங்கிய உடலாக இருக்கலாம். பேச்சில் மட்டும் அவர்கள் எல்லாரும் எழுந்து நிற்கின்றனர். தலை மேல், பாதம் கீழ். கட்டிலிற் கிடப்பவனுடைய மார்பு கூரையை நோக்கியிருந்தாலும் அதற்குப் பெயர் 'முன்'தான்.

இந்நிலையை வகுத்துக்கொண்ட பின்னர் மற்றச் சொற்கள் ஒழுங்காக வந்து அமைகின்றன. உடலை இரு பாதியாகப் பிரிக்கும் நடுத்தளம் ஒன்றைக் கற்பனை செய்கிறோம். அதற்கு அணித்தாயிருப்பது நடுப்புறம், விலகியிருப்பது பக்கப்புறம். கை விரிந்து நிற்பதால் பெருவிரல் பக்கப்புறமாகவும் சுண்டுவிரல் நடுப்புறமாகவும் அமைகின்றன. காலிலோ பெருவிரலே நடுப்புறம். கைகால்களில் உடம்போடு பொருந்தும் மூட்டினை அணுகியது அண்மை; அகன்றது சேய்மை. முழங்கையினும் மணிக்கட்டுச் சேயது. மணிக்கட்டினும் விரல்நுனி சேயது. தோலுக்கு அருகிலுள்ளது மேலோட்டமானது. எலும்பை நெருங்கியது ஆழமானது. பிறகு பிரதேசங்கள்: தலை, கழுத்து, மார்பு, வயிறு, இடுப்பு, மேற்கை, முன்கை, தொடை, கணைக்கால், பாதம். நம் மொழியில் 'கை' என்ற ஒரு சொல் தோள்முதல் விரல்வரை அனைத்துக்கும் பொது. அறிவியலுக்கு அது போதாது. ஆயினும் புயம், முழங்கை, முன்கை, மணிக்கட்டு, உள்ளங்கை, புறங்கை என்று பிரித்துச் சொல்லும் வளம் நம் வீடுகளிலேயே வழங்கி வருகிறது. அகம், புறம் என்று வாழ்க்கையை வகுத்த மக்கள் கையையும் காலையும் அவ்வாறே வகுத்திருக்கின்றனர்.

உடலின் இடத்திலிருந்து பேசும் இவ்விதி மேனாட்டிலிருந்து வந்த புதுமையென்று எவரும் எண்ண வேண்டா. மாதொருபாகனின் திருவுருவை நினைவுகூர்வோம். உமை இடப்பாகத்தினள் என்கிறோம். எதிரே நின்று கைகூப்பும் அடியவனின் கண்ணுக்கு அவள் வலப்புறத்தில் நிற்கிறாள். ஆயினும் எந்த அடியவனும் அவளை வலப்பாகத்தினள் என்று கூறியதில்லை. 'ஆடிய பாதம்' என்ற தொடரைக் கேட்டமாத்திரத்தே நம் உள்ளத்தில் எழும் கூத்தன் திருவுருவமும் அத்தகையதே. தூக்கிய திருவடி உடலைக் குறுக்கே கடந்து வலப்புறமாக நீண்டிருந்தாலும் அது இடத்திருவடியே. மதுரை வெள்ளியம்பலத்தில் வலத்திருவடியைத் தூக்கி ஆடுகிறான் என்பதனாலேயே 'கால் மாறி ஆடினான்' என்ற கதை பிறந்தது. கடவுளின் வலமிடத்தைக் கடவுளின் இடத்திலிருந்து சொல்வதற்கு நாம் என்றோ கற்றுவிட்டோம். மனிதனின் வலமிடத்தை மனிதனின் இடத்திலிருந்து சொல்வதற்குத்தான் இன்னும் தயங்குகிறோம்.

யாழ்ப்பாணத்துத் தமிழில் இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. அ, இ, உ என்னும் மூன்றையும் தொல்காப்பியம் சுட்டெனக் கூறுகிறது. தமிழ் நாட்டின் பேச்சில் 'உ' பெரும்பாலும் வழக்கொழிந்து போயிற்று. அது, இது என்பவையே எஞ்சின. ஈழத்துப் பேச்சில் உது, உவன், உங்கை என்பன இன்றும் உயிரோடிருக்கின்றன. பேசுவோனுக்கு அருகிலிருப்பது இது. இருவர்க்கும் எட்டத்திலிருப்பது அது. கேட்போன் பக்கத்திலிருப்பது உது. "உது என்ன?" என்று கேட்கும் யாழ்ப்பாணத்துக் கிழவி, தன்னுடைய இடத்தில் இருந்துகொண்டே எதிரிலுள்ளவனின் இடத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறாள். அவள் இலக்கணம் படித்தவளல்லள். பிறருக்கென்று ஓர் இடம் உண்டென்பதை அவள் பேசும் மொழியே அவளுக்குக் கற்பித்துவிட்டது.

இவையெல்லாம் சொல்லாராய்ச்சிதானே, இதில் ஒழுக்கம் எங்கே வந்தது என்று வாசகர் வினவக்கூடும். இதனால் விளையும் கேட்டை முதலில் நோக்குவோம். இரு சிறுநீரகங்களுள் ஒன்று பழுதடைந்துவிட்டது. அதனை அகற்ற வேண்டும். வலம் இடமாக மாறினால் நல்ல சிறுநீரகம் போய்விடும்; பழுதுற்றது எஞ்சும். இத்தகைய தவறுகள் பல நாடுகளில் நேர்ந்திருக்கின்றன. 2008ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் சத்திரசிகிச்சைப் பாதுகாப்புக்கென ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னரே, நோயாளி யார், எந்த இடத்தில் என்ன சிகிச்சை என்பவற்றை நோயாளியிடமே கேட்டு உறுதிசெய்ய வேண்டும்; வெட்டுமிடத்தை உடலிலேயே குறியிட்டிருக்க வேண்டும் என்பது அதன் தொடக்கம். இத்துணை நுட்பமான கருவிகள் பெருகிய காலத்திலும், இறுதிச் சான்றாக நிற்பது அந்த உடலுக்குரியவனின் வாய்மொழி. அவனைக் கேளாமல் அவனைப்பற்றிப் பேசினால் கத்தி தவறான பக்கத்தில் இறங்கும். இது மருத்துவத்துக்கு மட்டுமே பொருந்துமென்று நமக்குத் தோன்றவில்லை.

சமுதாயத்தில் வழங்கும் திசைச் சொற்களைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். அரபு நாடுகள் நமக்கு மேற்கே உள்ளன. நாமோ அவற்றை 'மத்திய கிழக்கு' என்கிறோம். சீனமும் யப்பானும் 'தூர கிழக்கு' ஆயின. யாருக்குத் தூரம்? இலண்டனில் இருந்தவனுக்கு. ஆண்டவன் நின்ற இடமே அளவுகோலாயிற்று. ஆளப்பட்டவனும் அவ்வளவுகோலாலேயே தன்னை அளந்துகொண்டான். நம்மவர் பெருமையோடு ஏற்றுக்கொண்ட 'இடதுசாரி' என்ற பெயரும் இக்குற்றத்துக்கு விலக்கன்று. 1789இல் பிரான்சின் தேசிய சபையில் அரசனுக்கு மறுப்பதிகாரம் கூடாதென்றவர்கள் தலைவரின் ஆசனத்துக்கு இடப்புறமாக அமர்ந்தனர். அவ்வாசனத்திலிருந்து நோக்கியபோது அவர்கள் இடது. ஆசனங்களை எதிர்த்தவர்களுக்கே ஆசனத்திலிருந்து பெயர் வந்தது. இதனை எண்ணிச் சிரிக்கலாம். சிரித்தபின், நாம் பேசும் சொற்கள் எந்த ஆசனத்திலிருந்து பிறந்தவை என்று கேட்கும் பழக்கத்தையும் மேற்கொள்ளலாம்.

இவற்றினும் கொடியது 'மேல்', 'கீழ்' என்ற சொற்களின் கதை. உடற்கூற்றியலில் மேலென்பது தலைப்பக்கம், கீழென்பது பாதப்பக்கம். அவ்வளவே. அங்கே மேலானது மேன்மையுடையதன்று, கீழானது இழிந்ததன்று. இடச் சிறுநீரகத்தைவிட வலச் சிறுநீரகம் சற்றுக் கீழே இருப்பதால் அதன் சாதி குறைந்துவிடுவதில்லை. ஆனால் பழைய வேதப்பாடலொன்று ஒரு பேருடலின் வாய், கை, தொடை, பாதம் ஆகியவற்றினின்று நால்வகை மக்களும் தோன்றினரென்று கூறிற்று. அன்றுமுதல் இடத்தின் பெயர் தரத்தின் பெயராக மாறிற்று. பாதத்திற் பிறந்தவன் தாழ்ந்தவன் என்று சொல்லப்பட்டது. பாதத்தைப்பற்றி உடற்கூற்றியல் என்ன சொல்கிறது? வளர்ந்த மனிதனின் உடலிலுள்ள எலும்புகள் 206. அவற்றுள் ஒவ்வொரு பாதத்திலும் 26. இரு பாதங்களிலுமாக 52. மனித உடலின் எலும்புகளிற் காற்பங்கு பாதங்களிலே இருக்கின்றது. நிற்கும் மனிதனின் கால்வரை இறங்கிய இரத்தத்தைக் கெண்டைக்கால் தசைகள் அழுத்தி மேலே அனுப்பாவிடின் இருதயத்துக்கு அது திரும்பி வருவது கடினம். கீழே இருப்பது உழைக்கிறது. மேலே இருப்பது அந்த உழைப்பில் வாழ்கிறது. வேதப்பாடலைக் கொண்டு சாதியைக் காத்தவர்கள் உடலை உவமையாகத் தேர்ந்தார்களேயன்றி உடலை ஆராய்ந்தாரல்லர்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சரித்திரத்தை அறிந்தவர்க்கு 'உடற்கூற்று நிலை' என்ற சொல்லே ஒரு திடுக்கீட்டைத் தரும். நிமிர்ந்து நில், நேரே நோக்கு, கையை விரி. இம்மூன்றும் இம்மண்ணில் ஒரு பகுதி மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்டவை. தோளிற் கிடந்த சால்வை இடுப்புக்கு இறங்க வேண்டும். முதுகு வளைய வேண்டும். பார்வை நிலத்தை நோக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் வாங்கில் அமர்ந்திருக்க, இவர்களின் பிள்ளைகள் நிலத்தில் அமர்ந்தனர். 1930ஆம் ஆண்டை ஒட்டிச் சம ஆசனம் வழங்கப்பட்டபோது அதனைப் பொறாத கைகள் பள்ளிக்கூடங்களுக்கே தீ வைத்தன. தேநீர்க் கடையில் இவர்களுக்கெனப் போத்தலும் தகரக் குவளையும் வேறாக வைக்கப்பட்டன. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிற்று. ஆயினும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில், உள்ளே செல்லும் உரிமைக்காக மக்கள் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியதாயிற்று. அவர்களைத் தடுத்து நின்றோருள் முன்னணியில் இருந்தவர் சி. சுந்தரலிங்கம், பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதம் போதித்த பேராசிரியர். கோணங்களையும் கோடுகளையும் பிழையின்றி அறிந்த ஒருவர்க்கு, மதிலுக்கு வெளியே நின்றவனின் இடத்திலிருந்து அந்த வாயில் எவ்வாறு தோன்றுமென்பது புலப்படவில்லை. கல்வி தானாகவே ஒருவனைப் பிறன் பக்கத்துக்குத் திருப்பிவிடாது என்பதற்கு இது தக்க சான்று.

இனி, நம் வாதத்துக்கு எதிராக எழக்கூடிய ஒரு நியாயமான மறுப்பை ஆராய வேண்டும். உடற்கூற்றியலை இவ்வளவு உயர்த்திப் பேசுகிறீர்களே, அந்த அறிவியல் யாருடைய உடலைக் கொண்டு வளர்ந்தது என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி சரியானது. 1543இல் வெசேலியஸ் தம் பெருநூலை வெளியிட்ட காலத்தில் தூக்குமரமே உடல்களைக் கொடுத்தது. 1828இல் எடின்பரோ நகரில் பேர்க், ஹெயர் என்ற இருவர் பதினாறு பேரைக் கொன்று உடல்களை உடற்கூற்று ஆசிரியர் ஒருவருக்கு விற்றனர். 1832இல் பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டம் பிணத்திருட்டை ஒழித்தது; எவ்வாறு ஒழித்தது? ஏழை விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் இறந்து, உரிமை கோருவாரற்றுக் கிடந்தோரின் உடல்களைக் கல்லூரிகளுக்கு வழங்குவதன்மூலம். கொலைகாரனுக்குத் தண்டனையாக இருந்த அறுப்பு, வறியவனுக்கு விதியாயிற்று. வியன்னாவில் பேர்ன்கோப் என்ற நாசிப் பேராசிரியர் தயாரித்த உடற்கூற்றுப் படத்தொகுதி அழகுக்கும் துல்லியத்துக்கும் உலகப் புகழ் பெற்றது. அவருடைய நிலையத்துக்கு நாசி ஆட்சியிற் கொல்லப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் உடல்கள் கொண்டுவரப்பட்டனவென்பதை 1998இல் வெளிவந்த பல்கலைக்கழக விசாரணை உறுதிப்படுத்தியது. அப்படங்களில் வலம் வலமாகவும் இடம் இடமாகவும் பிழையின்றிக் குறிக்கப்பட்டுள்ளன. அந்த உடல்களுக்குரியவர்களிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை.

ஆகவே விதி மட்டும் போதாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். உடலின் பக்கத்திலிருந்து பேசக் கற்ற ஒருவன், உடலுக்குரியவனின் பக்கத்தை மறந்துவிடக்கூடும். ஆனால் இதிலிருந்து நாம் பெறும் முடிவு விதியைக் கைவிடுவதன்று. அதனை இறுதிவரை கொண்டுசெல்வதே. இது உன் வலக்கை என்று சொல்வதற்கு எனக்குக் கடமை இருக்கிறதென்றால், இது உன் கை என்பதையும் நான் ஏற்றவனாகிறேன். கை உன்னுடையதாயின், அதன்மேல் செய்யப்படுவதை ஏற்கவும் மறுக்கவும் உனக்கு உரிமையுண்டு. தாமாக விரும்பித் தம் உடலை மருத்துவக் கல்விக்குக் கொடுக்கும் மனிதர்கள் இந்த உரிமையைக்கொண்டே கொடுக்கிறார்கள். அவர்களிடம் கற்பதற்கும், வறியவனின் அநாதைப் பிணத்திற் கற்பதற்கும் உள்ள வேற்றுமையை எந்தத் துல்லியமும் ஈடுசெய்யாது.

இரண்டாவது மறுப்பும் உண்டு. போரிற் காலிழந்தவன் எவ்வாறு நிமிர்ந்து நிற்பான்? எல்லா உடலும் ஒரே நிலையில் நிற்பதாகக் கருதுவது, நிற்க இயலாதவர்களை இழிவுசெய்வதாகாதா? கால்களையும் கைகளையும் இழந்தோர் ஆயிரக்கணக்கில் வாழும் வடபகுதியில் இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. நாம் கருதுவது இது: உடற்கூற்று நிலை, மனிதன் எப்படி இருக்க வேண்டுமென்ற கட்டளையன்று. அவனை எங்கிருந்து பேச வேண்டுமென்ற உடன்பாடு. முழங்காலுக்குக் கீழே எஞ்சியிராதவனுக்கும் எஞ்சிய தொடையில் அண்மையும் சேய்மையும் உண்டு. அவை அவனிடமிருந்தே அளக்கப்படுகின்றன. செயற்கைக் கால் செய்பவன் இழந்ததை அளப்பதில்லை, இருப்பதை அளக்கிறான். அவனுடைய அளவைநாடா தொடங்கும் இடம் அந்த மனிதனின் உடலே.

அடுத்து மொழியைக் கவனிப்போம். கொக்குவிலுக்கு அயலிலுள்ளது மானிப்பாய். 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அங்கே மருத்துவம் கற்பித்தார். மதம் பரப்புவது அவர் வந்த நோக்கங்களுள் ஒன்று. அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் விரைவில் ஓர் உண்மையைக் கண்டுகொண்டார். ஆங்கிலத்தில் மட்டும் மருத்துவம் கற்றவன் ஊருக்குப் பயன்படாமல் உத்தியோகத்தை நாடிப் போய்விடுகிறான். 1860களில் அவர் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். அதற்கு நூல்கள் வேண்டியிருந்தன. தம் மாணவருடன் சேர்ந்து அவர் அவற்றை ஆக்கினார். கட்டர் என்பாரின் நூல் 'அங்காதிபாதம்' என்று தமிழில் வந்தது. உலகெங்கும் கற்பிக்கப்படும் கிறேயின் உடற்கூற்று நூல் 1872இல் தமிழாயிற்று. 'இரணவைத்தியம்', 'கெமிஸ்தம்' என்பனவும் வெளிவந்தன. கேசாதிபாதமாக இறைவனைப் பாடிய மரபின் ஓசை 'அங்காதிபாதம்' என்ற பெயரிலே கேட்கிறது. அச்சொற்களிற் பல வடமொழிச் சார்புடையன. இன்று நம் செவிக்குக் கடினமாயிருக்கலாம். ஆனால் இற்றைக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர், மானிப்பாயில் ஓர் இளைஞன் நரம்பையும் நாடியையும் தன் தாய்மொழியிற் கற்றான் என்பது சிறிய காரியமன்று.

இன்று மருத்துவக் கல்வி ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. உலக அறிவோடு உடனுக்குடன் உறவு கொள்வதற்கு அது வேண்டுமென்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் நோயாளி ஆங்கிலத்தில் நோவதில்லை. "இஞ்சாலைப் பக்கம் குத்துது" என்று அவன் அடிவயிற்றைத் தொட்டுக் காட்டுகிறான். 'இஞ்சாலை' என்பது அவனுக்கு அண்மை. மாணவன் அதனை வலது கீழ்வயிறு என்று தன் குறிப்பில் எழுத வேண்டும். குடல்வாலின் அழற்சியோ என்று ஐயுற வேண்டும். இங்கே இரு மொழிபெயர்ப்புகள் ஒருங்கே நடைபெறுகின்றன: ஊர்த்தமிழிலிருந்து அறிவியலுக்கு, நோயாளியின் இடத்திலிருந்து ஏட்டுக்கு. பின்னர் அதே மாணவன் எதிர்த்திசையிலும் மொழிபெயர்க்கக் கடமைப்பட்டவன். தன் உடலுக்குள் என்ன நடக்கிறதென்பதை நோயாளி விளங்கிக்கொள்ளுமாறு சொல்லாத வைத்தியன், அவனுடைய உடலை அவனிடமிருந்தே பறித்தவனாகிறான். கலைச்சொற்கள் தமிழில் வேண்டுமென்று நாம் கேட்பது வெறும் மொழிப்பற்றினாலன்று. இந்தக் கடனைத் தீர்ப்பதற்காக.

இறுதியாக, ஒருவரைப்பற்றிப் பேசாமல் கொக்குவிலைப்பற்றிய இக்கட்டுரையை முடிக்க இயலாது. 1987 ஒக்டோபரில் இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்ற நடத்திய போரில் மருத்துவபீடத்தின் சுற்றுப்புறம் போர்க்களமாயிற்று. கொக்குவில் இந்துக் கல்லூரியில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது எறிகணைகள் வீழ்ந்தன, பலர் மாண்டனர். அக்காலத்தில் அம்மருத்துவபீடத்தில் உடற்கூற்றியல் துறைக்குத் தலைமை தாங்கியவர் ரஜனி திராணகம. 1954இல் பிறந்தவர். இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் உடற்கூற்றியலில் மேற்படிப்பை முடித்தவர். அங்கே தங்கிவிட வாய்ப்பிருந்தும் ஊருக்குத் திரும்பியவர். ஒரு காலத்தில் விடுதலைப் புலிகள் இயக்கத்துக்கு ஆதரவாக இருந்து, காயமுற்றோருக்கு வைத்தியஞ் செய்து, பின்னர் அதனோடு முரண்பட்டு விலகியவர்.

போர்க்காலத்தில் எல்லாரும் எல்லாரிடமும் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "நீ எந்தப் பக்கம்?" பிணம் விழுந்தால், சுட்டவன் எந்தப் பக்கம் என்பதை அறிந்த பின்னரே அழுவதா, பேசாதிருப்பதா என்று முடிவுசெய்யும் நிலை அன்று இருந்தது. ரஜனியும் அவருடைய சக ஆசிரியர்களும் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பினூடாக வேறொரு கேள்வியைக் கேட்டனர்: காயம் யாருடைய உடலில்? இலங்கை இராணுவத்தால், இந்திய இராணுவத்தால், தமிழ் இயக்கங்களால் துன்புற்றோர் யாவரின் வாய்மொழியையும் அவர்கள் திரட்டினர். போரினால் பாதிக்கப்பட்ட பெண்களிடம் ரஜனி நேரிற் சென்று, அவர்கள் சொன்னதை அவர்களுடைய இடத்திலிருந்து எழுதினார். அவ்வெழுத்து 'முறிந்த பனை' என்ற நூலில் இடம்பெற்றது. நூல் வெளிவந்தது 1990இல். அதனை அச்சிற் காண அவர் இருக்கவில்லை. 1989 செப்தெம்பர் 21ஆம் நாள், மாணவருக்குப் பரீட்சை நடத்திவிட்டு மருத்துவபீடத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்புகையில், வீட்டுக்கு அருகில் வழிமறித்துச் சுடப்பட்டு இறந்தார். வயது முப்பத்தைந்து. அவருடன் பணியாற்றியவர்கள் இக்கொலைக்கு விடுதலைப் புலிகளையே பொறுப்பாளிகளென்று குற்றஞ்சாட்டினர்.

அவர் உடற்கூற்றியல் கற்பித்ததனாலேதான் இவ்வாறு நடந்தாரென்று நாம் சொல்ல வரவில்லை. சொன்னால் அது எளிய அலங்காரமாகிவிடும். அதே அறிவியலைக் கற்பித்த பேர்ன்கோப் நாசியாக இருந்ததையும் நாம் பார்த்தோம். ஆனால் வகுப்பறையில் அவர் மாணவருக்குச் சொல்லிக்கொடுத்த விதியும், வகுப்பறைக்கு வெளியே அவர் நடந்த முறையும் ஒன்றுக்கொன்று முரண்படவில்லை என்பது மட்டும் உறுதி. எதிரே இருப்பவனின் வலத்தை அவனுடைய வலமாகவே எழுது என்ற விதியை, வலி மிகுந்த இடத்திலும் அச்சம் மிகுந்த காலத்திலும் அவர் கைவிடவில்லை. கேட்பதற்கு எளிமையான இவ்விதிக்கு ஓர் ஊர் எவ்வளவு பெரிய விலையைக் கேட்கக்கூடுமென்பதை அவ்வீதி கண்டது.

ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நாம் இதிலிருந்து பெறக்கூடியது என்ன? பக்கம் சாராதிருத்தல் என்று சிலர் சொல்லலாம். அதனை நாம் ஏற்கவில்லை. உடற்கூற்றியல் பக்கம் சாராத அறிவியலன்று. அது எப்போதும் ஒரு பக்கத்திலேயே நிற்கிறது. மேசைமீது கிடப்பவனின் பக்கத்தில். சரித்திரம் கற்பிப்பவன் படையெடுத்தவனின் வழியே நாட்டை வருணிக்கலாம். அவ்வழியில் வயலிழந்தவனின் இடத்திலிருந்தும் வருணிக்கலாம். பொருளியல் கற்பிப்பவன் கூலியைச் செலவென்று எழுதலாம். அதையே வரவாகக் கொண்டு அடுப்பெரிப்பவளின் ஏட்டிலிருந்தும் எழுதலாம். நாம் கொண்ட கொள்கையின் பெயரால் பேசும்போதுங்கூட, நாம் யாருக்காகப் பேசுகிறோமோ அவனுடைய வாயினின்று ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்வது நலம். அவனுக்காகவே பேசுகிறோம் என்று நம்பி, அவனுடைய இடத்தை வலமென்று எழுதியவர்கள் நம்மிடையேயும் இருந்திருக்கிறார்கள்.

ஒவ்வோராண்டும் ஆடியபாதம் வீதியால் புதிய மாணவர் வருகின்றனர். முதல்நாள் பாடத்தில் அவர்களுள் யாரேனும் ஒருவர், எதிரே இருக்கும் உடலின் இடக்கையைத் தொட்டு 'வலம்' என்று சொல்லிவிடுவார். ஆசிரியர் அவரை மெல்லத் திருத்துவார். "உம்முடைய வலமன்று, அவருடைய வலம்." மாணவர் ஒரு கணம் தயங்கி, மனத்துள் தம்மைத் திருப்பிக்கொண்டு, மறுபக்கத்துக் கையைத் தொடுவார். அந்த ஒரு கணத் தயக்கம் அவருடைய வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்காதிருக்க வேண்டுமென்பதே நம் விருப்பம்.